டட்லியும் ஞாயிற்றுக்கிழமைக் கோலாவும்

டட்லி பாஸ்கோ இந்த உலகத்தில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் பயப்படுவார். ஒருத்தி அவர் மனைவி கோரல். இன்னொன்று, மரக்கிளையில் உட்கார்ந்தபடி நாளுக்கு இருபது மணி நேரம் தூங்குகிற, கரடிக்குட்டி மாதிரி இருக்கிற கோலா. கோரலுக்குப் பயப்படுவது ஊருக்கே தெரியும். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை. அவர் ஊரான ட்வீட் ஹெட்ஸில் கல்யாணமான ஆண்கள் எல்லாரும் அந்தச் சங்கத்தில் ஆயுள் உறுப்பினர்கள்தான். கோலாவுக்குப் பயப்படுவது மட்டும் யாருக்கும் தெரியாது. தெரியாது என்று கல்யாணமான நாளிலிருந்து முப்பத்தெட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தோடு விலங்குப் பூங்காவுக்குப் போனபோது, வகுப்பிலேயே சாதுவான பையன் என்று டீச்சர் டட்லியைக் கூப்பிட்டு அவர் கையில் ஒரு கோலாவைக் கொடுத்தார். போட்டோ பிடிப்பவர் அசையாதே என்றார். டட்லி அசையவில்லை. கோலாவும் அசையவில்லை. அசையாமலேயே அது காரியத்தை முடித்துவிட்டது. சட்டைக் காலரில் தொடங்கிக் காலுறை வரைக்கும். யூகலிப்டஸ் தைலப் பாட்டிலுக்குள் விழுந்து எழுந்த மாதிரி ஒரு வாசனை. திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவர் உட்பட எல்லாரும் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து பதினேழு வயது வரைக்கும் அவர் பெயர் ‘ஈர டட்லி’. ஊரை விட்டுவிட்டு ட்வீட் ஹெட்ஸுக்குக் குழாய் வேலைக்கு வந்த பிறகுதான் அந்தப் பெயர் காய்ந்தது.

கல்யாணத்தின்போது கோரல் கேட்டது ஒன்றே ஒன்று. மோதிரம் சின்னதாய் இருந்தால் போதும், தேனிலவுக்குக் கூடாரம் போதும். ஆனால் ஒரு நாள் இரண்டு பேரும் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற விலங்குப் பூங்காவுக்குப் போய், கோலாவைத் தூக்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். நாற்பது நிமிஷப் பயணம். டட்லி உடனே சரி என்றார். அந்தச் சரியை நிறைவேற்றாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதல் வருஷம் கார் பழுது. அடுத்த வருஷம் முட்டி வலி. பிறகு வலது முட்டி போய் இடது முட்டி. பிறகு மழை. மழை இல்லாத வருஷத்தில் வெயில். அவருடைய ரெக் மாமா ஒரு தடவை இறந்தார். ஒன்பது வருஷம் கழித்து, வேறு காரணம் எதுவும் கிடைக்காத ஒரு சனிக்கிழமை, அவரே மறுபடியும் இறந்தார். கோரல் இரண்டு தடவையும் மாமிக்குக் கேக் செய்து கொடுத்தனுப்பினாள். இரண்டு கேக்கையும் டட்லி கடற்கரையில் தனியாக உட்கார்ந்து தின்றார். இரண்டாவது கேக் தொண்டையில் இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முப்பத்தெட்டாவது வருஷம், ஏப்ரல் பிறக்கிற சமயத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, உள்ளூர்ப் பத்திரிகையை டோஸ்ட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள் கோரல். பூங்காவில் இனிமேல் கோலாவைத் தூக்க விடப்போவதில்லையாம். பக்கத்தில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள்.

“டட்லி, ஞாயித்துக்கிழமை உனக்கு ஏதாவது சாவு இருக்கா?”

“இல்லையே.”

“முட்டி?”

“நல்லாத்தான் இருக்கு.”

“ரெக் மாமா?”

“அவர் போய்ட்டாரே, கோரல்.”

“ரெண்டு தடவை போய்ட்டார். மூணாவது தடவை போகமாட்டார்னு என்ன நிச்சயம்? அதான் கேட்டுக்கறேன்.”

டட்லி டோஸ்ட்டைப் பார்த்துக்கொண்டு, மாமா இனிமேல் எங்கும் போகமாட்டார் என்றார். அப்படியானால் நல்லது, பூங்காவில் பதிவு செய்தாகிவிட்டது, பூங்கா நேரம் சரியாக இரண்டு மணி, ஒருத்தருக்கு ஐந்து நிமிஷம், தவறவிட்டால் மறுபடி கிடையாது என்று கோரல் சொன்னாள்.

பூங்கா நேரம் என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. ட்வீட் ஹெட்ஸில் ஒரு தெருவின் இந்த ஓரம் ஒரு மாநிலம், எதிர் ஓரம் இன்னொரு மாநிலம். கோடைக்காக ஆறு மாதம் இந்தப் பக்கத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். எதிர்ப்பக்கத்தார் தள்ள மாட்டார்கள். எதிர்க்கடைக்கு ரொட்டி வாங்கப் போகிறவர் வீட்டை விட்டுக் கிளம்பின நேரத்துக்கு முன்னாலேயே கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். செல்போனை நம்ப முடியாது. எந்தப் பக்கத்துக் கோபுரம் அகப்படுகிறதோ அந்தப் பக்கத்து நேரத்தைக் காட்டும். சமையலறைச் சுவரில் தொங்குகிற கடிகாரம்தான் ஒவ்வொரு வீட்டிலும் சத்தியம். அங்கே இரண்டு என்றால் இங்கே மூன்று. இந்தக் கணக்கை ஊரில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் ஏப்ரல் முதல் ஞாயிறு வந்துவிட்டால் இந்தப் பக்கத்துக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே நேரம். அன்று ஒரு நாள் ஊரில் பாதிப் பேர் பழைய கணக்கையே போட்டுத் தடுமாறுவார்கள். போன வருஷம் ஒரு ஞானஸ்நானத்துக்குக் குழந்தை வந்துவிட்டது, பாதிரியார் வரவில்லை.

கோரல் சொன்ன ஞாயிறு அந்த ஞாயிறுதான். டட்லிக்கு இது திங்கட்கிழமையே பொறி தட்டிவிட்டது. பொய் சொல்ல வேண்டாம், மாமாவைச் சாகடிக்க வேண்டாம். கடிகாரத்தைச் சத்தமில்லாமல் பின்னால் திருப்பிவிட்டு, அங்கே இரண்டு என்றால் நமக்கு மூன்று என்று பழக்கதோஷமாகச் சொன்னால் போதும். நம் கடிகாரம் மூன்று காட்டும்போது அங்கேயும் மூன்று. ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்கலாம். ஊரே செய்கிற தவறு. யார் கோபித்துக்கொள்வார்கள்? வாசலில் நெற்றியில் அடித்துக்கொள்வது எப்படி என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் நான்கு நாள் ஒத்திகை பார்த்தார். நெற்றி சிவந்துவிட்டது.

ஞாயிறு காலை கோரல் எழுந்திருப்பதற்கு முன்னால் முக்காலியில் ஏறிக் கடிகாரத்தைத் திருப்பினார். இறங்கும்போது பக்கத்து அறையில் இஸ்திரிப் பெட்டியின் ஆவிச் சத்தம் கேட்டது. கோரல் எழுந்துவிட்டிருந்தாள். டட்லியின் நீலக் கட்டம் போட்ட சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவரோ வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

“இது எதுக்கு?”

“தேவைப்படும்,” என்று மடித்துத் துணிப்பையில் வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் அவள் தயார். தலை வாரி, உதட்டுக்குச் சாயம் பூசி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டரிடம் போகிற குழந்தை மாதிரி இல்லை, திருவிழாவுக்குப் போகிற குழந்தை மாதிரி. டட்லி அவள் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்துக்குத் திரும்பிக்கொண்டார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். அங்கே இரண்டு, நமக்கு மூன்று, இரண்டேகாலுக்குக் கிளம்பினால் தாராளம்.

“நீ சொன்னா சரி,” என்றாள் கோரல்.

முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னதே இல்லை. டட்லி அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

காரில் கொஞ்ச தூரம் போனதும் கோரல் மடியில் இருந்த பையை நகர்த்தி வைத்துவிட்டு, ஒரு கையை வயிற்றுக்கு நேராக நீட்டி, அதன்மேல் இன்னொரு கையை வைத்தாள்.

“பாரு டட்லி. ஒரு கை கீழ. இன்னொரு கை அதுக்கு மேல. மரம் மாதிரி நிக்கணும். மூச்சை மெதுவா விடணும்.”

“ரோட்டைப் பாக்கணும், கோரல்.”

“ரோடு எங்கயும் போகாது. இதைப் பாரு.”

பார்த்தார். சுருக்கம் விழுந்த இரண்டு கைகள், ஒன்றும் இல்லாததைத் தாங்கிக்கொண்டு, காரின் குலுக்கலில் லேசாக ஆடின. அந்தக் கைகளை முப்பத்தெட்டு வருஷமாகக் காலியாக வைத்திருந்தது யார் என்று அவருக்குத் தெரியும். திடீரென்று தன் திட்டம் அவருக்கே பிடிக்காமல் போய்விட்டது. காரை விரட்டினார். முன்னால் ஒரு கேரவன் வீட்டு வண்டியை இழுத்துக்கொண்டு ஒரு கார் நத்தை மாதிரி ஊர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக டட்லி ஹாரன் அடித்தார். ஆனால் காரை எவ்வளவு விரட்டினாலும் தானே திருடி ஒளித்து வைத்த ஒரு மணி நேரத்தை நாற்பது நிமிஷச் சாலையில் எப்படித் திருப்பிப் பிடிக்க முடியும்?

பூங்கா வாசலில் இருந்த பெரிய கடிகாரம் மூன்றைக் காட்டியது. டட்லி ஒத்திகை பார்த்தபடியே நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒத்திகை பார்த்த வார்த்தைகள்தான் வந்தன. குரல்தான் ஒத்திகை பார்க்காத குரலாக இருந்தது.

“கோரல், தப்பு பண்ணிட்டேன். இன்னைக்குக் கடிகாரம் மாறிடுச்சு. ரெண்டு மணி போயிடுச்சு.”

“தெரியும். நமக்கு மூணு மணிக்குத்தான்.”

“ரெண்டுன்னு சொன்னியே?”

“உன்கிட்ட ரெண்டுன்னு சொன்னேன். நம்ம கல்யாணம் பதினோரு மணிக்கு. உன்கிட்ட பத்துன்னு சொன்னேன். நீ பத்து அம்பத்தஞ்சுக்கு வந்து நின்னே. அன்னைலேர்ந்து எல்லாத்துக்கும் ஒரு மணி நேரம் முன்னாலதான் சொல்றேன்.”

டட்லி ஊருக்குள் ஒரு எல்லைதான் ஓடுகிறது என்று நினைத்திருந்தார். வீட்டுக்குள்ளும் ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

உள்ளே காக்கி உடுப்புப் போட்ட ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு வந்தாள். கோலாக்களைப் பார்த்துக்கொள்கிறவள். சட்டையில் கிர்ரா என்று பெயர் இருந்தது. “வாங்க கோரல். கடைசில கூட்டிட்டே வந்துட்டீங்களா? இவர்தானா அவர்?” என்று கேட்டு, டட்லியைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். குறிப்பாகக் காலுறையைப் பார்த்த மாதிரி இருந்தது.

சீட்டுக் கொடுக்கிற இடத்தில், அடிக்கடி வருகிறவர்களின் போட்டோக்களை ஒரு பலகையில் ஒட்டியிருந்தார்கள். பாதிப் பலகை கோரல். பழுப்புத் தலைமுடியோடு கோரல், கையில் கோலா. கொஞ்சம் நரைத்த கோரல், கையில் கோலா. முழுக்க நரைத்த கோரல், கையில் இன்னொரு கோலா. எல்லாம் புதன்கிழமைகள். டட்லி, கிளப்பின் புல்வெளியில் பந்து உருட்டி விளையாடப் போகிற நாள்.

“எப்பலேர்ந்து?” என்று கேட்டார் டட்லி.

“ரெக் மாமா முதல் தடவை செத்தப்ப ஆரம்பிச்சேன். பக்கத்து வீட்டு கிளெனிஸ்தான் கார்ல கொண்டுவந்து விடுவா. அவதான் போட்டோவும் எடுப்பா.”

டட்லி பலகையை மறுபடி பார்த்தார். ஒவ்வொரு போட்டோவிலும் கோரல் கொஞ்சம் வலது பக்கமாகத் தள்ளி நின்றிருந்தாள். இடது பக்கத்தில், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. எல்லாப் போட்டோவிலும்.

அவளை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்த அத்தனை வருஷமும் அந்த இடத்தில் நிற்காமல் போனவர் அவர்தான்.

கிர்ரா சீட்டைப் பார்த்துப் பெயரைப் படித்தாள். டட்லி பாஸ்கோ. கோரலின் பெயர் சீட்டிலேயே இல்லை. டட்லி கோரலின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

“என்னால முடியாது. உனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு, கோரல். நான் சின்னப் பையனா இருந்தப்ப…”

“காலர்ல ஆரம்பிச்சுக் காலுறை வரைக்கும்,” என்றாள் கோரல். “உன் அக்கா மெர்ல் நம்ம கல்யாணத்தன்னைக்கே சொல்லிட்டா. கேக் வெட்டறதுக்கு முன்னாலயே.”

“அப்புறம் ஏன் நீ ஒண்ணும் கேக்கல?”

“நீயா சொல்வேன்னு பாத்தேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

டட்லி கிர்ராவிடம் திரும்பிப் போய், மரம் மாதிரி நின்றார். ஒரு கை கீழே, ஒரு கை மேலே. கிர்ரா கோலாவைக் கொண்டுவந்து அவர் கையில் உட்கார வைத்தாள். நினைத்ததைவிடக் கனம். நினைத்ததைவிடச் சூடு. நகங்கள் தோளைப் பற்றிக்கொண்டன, ஏணியில் ஏறுகிறவன் பிடிக்கிற மாதிரி, நம்பிக்கையோடு. அதே வாசனை. டட்லி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். கோலா அவர் தாடியை மோந்து பார்த்தது, இதில் தின்ன ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தது, கன்னத்தை அவர் நெஞ்சில் சாய்த்துத் தூங்கிவிட்டது. கோரல் வந்து பக்கத்தில் நின்றாள். காமிரா ஒரு தடவை மின்னியது.

ஐந்து நிமிஷம் என்றார்கள். ஐந்து நொடி மாதிரி இருந்தது. கிர்ரா கோலாவைத் திருப்பி வாங்கிக்கொண்ட பிறகும் டட்லி கையை இறக்கவில்லை.

“நாளைக்கும் வரலாமா?” என்று கேட்டார்.

“தாராளமா வாங்க. ஆனா நாளையிலேர்ந்து பாக்க மட்டும்தான்,” என்றாள் கிர்ரா. அவளுக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது.

வெளியே மரத்தடி பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். முப்பத்தெட்டு வருஷத்தை ஐந்து ஐந்து நிமிஷமாக வெட்டினால் எத்தனை துண்டு வரும் என்று டட்லி யோசித்தார். யோசிக்க யோசிக்கக் கண்ணீர் வழிந்தது. முதலில் தாடியில் இறங்கி, அங்கேயும் நிற்காமல் வெள்ளைச் சட்டையின் முன்பக்கத்தை முழுக்க நனைத்துவிட்டது. கைக்குட்டை பாதியிலேயே கைவிட்டுவிட்டது.

கோரல் துணிப்பையைத் திறந்து நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து நீட்டினாள். டட்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மிச்சம் இருந்த மானத்தையாவது காப்பாற்றப் பார்த்தார்.

“கோலா ஒண்ணுமே பண்ணல, கோரல். நீ வீணா சுமந்துட்டு வந்திருக்கே.”

“கோலாவுக்காகன்னு யார் சொன்னா?” என்றாள் அவள். “மாத்திக்கோ, ஈர டட்லி.”