ஆம்தலா வரைக்கும்

இன்ஜின் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டைப் பையன்களின் பாரா கிளப்பில் இரவல் வாங்கிய மூன்று மூங்கில்களை வாசல் கேட்டை ஒட்டி முக்காலியாகக் கட்டி, சங்கிலிக் கப்பி போட்டு முந்தின நாள் தூக்கியது. இன்னும் ஒரு முழம் இறக்கினால் கார் அதை வாங்கிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து மெக்கானிக் ஹாராதன் புதுச் சட்டையும் கையில் பட்டமுமாக வந்து நின்றான்.

"இன்னிக்கு விஸ்வகர்மா பூஜை, தாதா. ஸ்பேனரைத் தொடக் கூடாது."

"நேத்தே சொல்லியிருந்தா இதைத் தொங்கவிட்டிருக்க மாட்டேனேப்பா."

"நேத்து பூஜை இல்லையே" என்றான் ஹாராதன். சொல்லிவிட்டுப் பட்டம் விடப் போய்விட்டான்.

முப்பது வருஷம் கல்கத்தா பெஹாலாவில் குப்பை கொட்டியும் வாஞ்சிநாதனுக்கு வங்காளிகளின் இந்தத் தர்க்கத்துக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவருக்கு அவசரம் இருந்தது. மனைவி விஜயலக்ஷ்மி மகளின் பிரசவத்துக்காக மெட்ராஸ் போய் ஐந்து மாதமாகிறது. நவமியன்று ஹௌராவில் வந்து இறங்குகிறாள். அவளை இந்தக் காரில்தான் அழைத்து வர வேண்டும். அப்புறம் ஒருநாள், வழியில் எங்கும் நிற்காமல், டயமண்ட் ஹார்பருக்குக் கூட்டிப் போக வேண்டும். போர்ட் டிரஸ்டில் ரிடையர் ஆன மனிதருக்கு வாழ்க்கையில் பாக்கி இருந்த ஆசை இது ஒன்றுதான்.

கல்யாணமான வருஷம், இதே கார், இதே டயமண்ட் ஹார்பர் ரோடு. புது மனைவிக்கு ஆறு காட்டப் புறப்பட்ட உற்சாகத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். பாதி வழியில், ஆம்தலாவில், புகை கிளப்பி நின்றது வண்டி. பொழுது சாயும்வரை ஒரு டீக்கடை பெஞ்சில் அவளை உட்கார வைத்து, வெட்கத்தை மறைக்க வாய் ஓயாமல் எதையெதையோ பேசித் தீர்த்தார். பிறகு ஆபீஸ் வந்தது, பேச்சு குறைந்தது. இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவைகூட விஜயம் டயமண்ட் ஹார்பர் போகலாம் என்று கேட்டதில்லை. கோபம் ஆறவில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். காரும் ஒருநாள் இன்ஜின் இறுகி ஓய்ந்தது.

அவள் இல்லாத வீட்டில் இன்ஜினைப் பிரித்தார். இட்லிப் பானையில் மண்ணெண்ணெய் ஊற்றி நட்டுகளை ஊறப் போட்டார். சாப்பாட்டு மேஜையில் பிஸ்டன்கள் இருந்தன. கட்டிலில் அவள் பக்கம் வெறிச்சென்று கிடந்ததில் தூக்கம் பிடிக்காமல், கார்புரேட்டரைத் துடைத்துத் துணி சுற்றி அங்கே வைத்தார். அது அவளைப் போல, விளக்கை அணைங்கோ என்று சொல்லவில்லை. அதனால் ஏக்கம் அதிகமானது.

ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாவற்றையும் சொன்னார், இட்லிப் பானையைத் தவிர.

"வழியில எங்கேயும் நிக்காது விஜயம். நான் கேரண்டி."

"ஆம்தலாவில அந்த டீக்கடை இன்னும் இருக்கோ?"

"குத்திக் காட்டறியா?"

"சும்மா கேட்டேன்னா."

இது சும்மாவா என்று அவருக்குத் தெரியாதா? வீம்பு இரட்டிப்பானது.

ஆகவே ஹாராதன் பட்டம் விடப் போனதும், 'நமக்கு ஆயுத பூஜை நவமியில்தானே' என்று தைரியம் சொல்லிக்கொண்டு, தானே சங்கிலியை இழுத்தார். இன்ஜின் இறங்கியது. கியர்பாக்ஸோடு சேராமல், கோணலாக உட்கார்ந்தது. அப்புறம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சங்கிலி கப்பியில் சிக்கிக்கொண்டது.

விஸ்வகர்மா பூஜை விருந்தின் அஜீரணம் தீர்ந்து ஹாராதன் திரும்பி வர நாலைந்து நாளாயிற்று. அதற்குள் துர்கா பூஜைப் பந்தல் போடுகிறவர்கள் வந்து, நட்டிருந்த மூங்கில்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, அவற்றின் மேலேயே பந்தலின் இடது பக்கத்தைக் கட்டிவிட்டார்கள். கார், இன்ஜின், வாசல் கேட் எல்லாம் மஞ்சள் துணிக்குள் போய்விட்டன.

"மூங்கிலை எடுங்கப்பா, என் வண்டி உள்ளே இருக்கு" என்று மன்றாடினார்.

"எடுத்தா கூரை துர்கா பக்கத்துல நிக்கற பிள்ளையார் தலைமேல விழும், தாதா. உங்க ஊர்க்காரங்களுக்கு அவர்தானே முக்கியம்?" என்றார் கிளப் செகரட்டரி.

பிள்ளையாரைப் பகைத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. ஹாராதன் துணிக்குள் புகுந்து வேலை செய்தான். வெளியே டாக் மேளம் முழங்கியது. உள்ளே வாஞ்சிநாதன் டார்ச் பிடித்தார். அஷ்டமி முடிவதற்குள் இன்ஜின் நேராக உட்கார்ந்தது.

நவமி காலை ஹாராதன் முகமெல்லாம் பல்லாக வந்தான். "இன்னும் நாலு போல்ட்தான். ஸ்பேனரைக் குடுங்க. கிளப் பையன்கள் ஒருபக்கத் துணியைத் தூக்கிப் பிடிக்கறாங்களாம், வண்டியை வெளியே எடுத்துடலாம்."

வாஞ்சிநாதன் திருதிருவென்று விழித்தார். விடிந்ததும் பழக்கதோஷத்தில் குளித்து, அத்தனை ஸ்பேனர்களுக்கும் சந்தனம் குங்குமம் இட்டுச் சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கிவிட்டிருந்தார்.

"இன்னிக்கு ஆயுத பூஜைப்பா. நாளைக்குத்தான் எடுக்கணும்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே, தாதா."

"நேத்து பூஜை இல்லையே" என்றார் ஈனஸ்வரத்தில்.

டாக்ஸியில்தான் ஹௌரா போனார். ஐந்து மாதமாகச் சொல்லச் சேர்த்து வைத்ததெல்லாம் அவளைக் கண்டதும் மறந்துபோய், "பொட்டி கனமா?" என்று மட்டும் கேட்டார்.

"நம்ம வண்டி வரலையா?"

"பந்தலுக்குள்ள இருக்கு. பக்கத்துல பிள்ளையார்."

விஜயம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் வழி நெடுகத் தலை நிமிரவில்லை.

பந்தல் பிரித்த மறுநாள் இன்ஜின் உயிர் பெற்றது. தெருவே கைதட்டியது. இட்லிப் பானையைக் கண்டுபிடித்த பிறகும் விஜயம் ஒன்றும் சொல்லாதது அவருக்குக் கிலியாக இருந்தது. ஹாராதனுக்கு அவளே டீ கொண்டுபோய்க் கொடுத்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். பெஹாலாவிலேயே பிறந்தவள் மாதிரி வங்காளம் பேசுவாள். அவனுக்கு வாஞ்சிநாதன் 'தாதா', அதாவது அண்ணன்; அவள் 'பௌதி', அண்ணி.

"டேங்க் நிறையப் போட்டாச்சா?" என்று கேட்டார். பெட்ரோல் முள் என்றைக்கோ செத்துப்போய், நிறைவிலேயே நின்றுவிட்டது.

"வேண்டிய அளவு போட்டாச்சு, தாதா" என்றான் ஹாராதன், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டார்கள். வண்டி சொன்னபடி கேட்டது. அவர் பேச்சே இல்லாமல், இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டபடி ஓட்டினார். ஆம்தலா கடைத்தெரு தாண்டும்போது வண்டி இரண்டு தடவை இருமி நின்றது.

பானெட்டைத் திறந்தார். தண்ணீர் இருந்தது, ஆயில் இருந்தது. எல்லாம் இருந்தும் உயிர் இல்லை.

"மன்னிச்சுக்கோ விஜயம். மறுபடியும் உன்னை இதே இடத்துல தெருவில நிறுத்திட்டேன்."

"பரவாயில்லைன்னா. ஹாராதனுக்கு ஒரு போன் பண்ணிட்டு வாங்கோ. நான் டீ சொல்றேன்."

எதிர்ச்சாரியில் இருந்த டெலிபோன் பூத்துக்குள் நுழைந்து, பட்டறைக்குப் போன் போட்டு, ஹாராதன் லைனில் வந்ததும் வராததுமாகப் பொரிந்து தள்ளினார். கண்ணாடி வழியே விஜயம் தெரிந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, இரண்டு மண் குவளைகளோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டாதீங்க, தாதா. இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, பின் சீட்டுக்கு அடியில ஒரு கேன் பெட்ரோல் வெச்சிருக்கேன்" என்றான் ஹாராதன். "டேங்க்ல ஆம்தலா வரைக்கும் மட்டும் போடச் சொன்னது பௌதிதான்."