ஹுக்மாராமின் வெள்ளைத் தலைப்பாகை

“ராஜா நிஜமாவே இருக்காரா, இல்ல படத்துல மட்டும்தானா?”

சில வருடங்களுக்கு முன்பு பீம்சர் அரண்மனை முற்றத்தில் நின்று ஒரு சின்னப் பெண் இப்படிக் கேட்டாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த ஹுக்மாராமுக்குச் சிரிப்பு வரவில்லை. அரண்மனை சொகுசு ஹோட்டலானதும் பாப்ஜி என்று ஊரே அழைக்கும் ராஜா மேல்மாடத்து அறைகளோடு ஒதுங்கிவிட்டார். அவர் கீழே இறங்குவதில்லை. அவர் அழைக்காமல் யாரும் மேலே போவதுமில்லை.

“இருக்கார் கண்ணு. அதோ, அந்தக் கல் சல்லடை ஜன்னலுக்குப் பின்னாலதான். ஒரு வணக்கம் சொல்லு பார்ப்போம்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றையும் அந்த ஜன்னலின் கீழேதான் முடித்தார். வந்தவர்களெல்லாம் கைகூப்பி, அந்த ஊர் வழக்கப்படி, “கம்மா கணி, பாப்ஜி!” என்பார்கள். மேலிருந்து ஒருநாளும் பதில் வந்ததில்லை. அதற்காக ஹுக்மாராம் நிறுத்தவுமில்லை. கேட்கிறவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார் என்பது அவர் நம்பிக்கை. கோயிலிலும் அவருக்கு அதே பழக்கம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் வெறுந்தலையோடு வாசலில் வந்து நின்றார். இரவுக் காவலை முடித்துக்கொண்டு கிளம்பிய பன்னே சிங் பதறிப்போனார்.

“என்னய்யா கோலம் இது? தலைப்பாகை எங்கே?”

“ஒரு அம்மா பஸ்ஸிலேருந்து விழுந்து கையை உடைச்சுக்கிட்டாங்க. அதைக் கிழிச்சு கையைத் தூக்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன்.”

“புண்ணியம்தான். ஆனா இப்படியே உள்ளே போனா மானேஜர் உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவார். இன்னொரு தகராறு வந்தா இந்தச் சுத்திக் காட்டற வேலையே கிடையாதுன்னு போன வாரம்தானே சொன்னார்? இன்னிக்கு பம்பாய்க் கல்யாணம் வேற.”

“உன்கிட்ட வேற ஏதாவது இருக்கா?”

“வெள்ளை ஒண்ணு இருக்கு. மாமா போனப்போ கட்டினது.”

“ஐயோ, அது துக்கத்துக்குக் கட்டறதாச்சே!”

“காலையில சுத்திப் பார்க்க வர்றவங்க பூனாக்காரங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. வெள்ளை கட்டினவன் தானே கழட்டக் கூடாது. பெரியவங்க யாராவது கலர் கொடுத்துதான் மாத்தணும்.” பன்னே சிங் சிரித்துக்கொண்டே அதை அவர் தலையில் கட்டிவிட்டு, சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

பூனாக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லைதான். வாசல் மாடத்து முரசுக்காரர்களுக்குத் தெரிந்தது. தாத்தா காலத்திலிருந்து பாப்ஜி வீட்டுச் சோறு தின்ற குடும்பம் ஹுக்மாராமுடையது. அவர் தலையில் வெள்ளை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதைப் போய் யாரிடம் கேட்பது? பாப்ஜி விஷயத்தில் அந்தச் சொல்லை வாயால் சொல்வதே பாவம். முரசுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓசையில்லாமல் இறங்கினார்கள்.

முரசு நின்றதும் ஹுக்மாராம் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ‘தலையைப் பார்த்துட்டாங்களோ?’ கூட்டத்தை ஆயுதசாலையில் விட்டுவிட்டுச் சமையற்கட்டுக்கு ஓடினார். ஆறிப்போன டீத்தண்ணீர் ஒரு பாத்திரம் நிறைய இருந்தது. கழற்றத்தானே கூடாது? அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டார். வெள்ளை போய்விட்டது. ஆனால் காக்கி வந்துவிட்டது.

சமையற்காரர் சோகன் திரும்பிப் பார்த்துக் கரண்டியைக் கீழே போட்டார். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் கட்டுகிற நிறம் காக்கி.

“காலையில வெள்ளை, இப்போ காக்கியா? அப்போ எல்லாரும் பேசிக்கறது...”

“என்ன பேசிக்கறாங்க?”

“போங்க அண்ணே. உங்களுக்குத் தெரியாததா?” சோகன் கண்ணைத் துடைத்துக்கொண்டே எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினார். பாதி வெந்த கசோரிகள் அதில் மிதந்தன. துக்கம் என்றால் அரண்மனையில் எதையும் பொரிக்க மாட்டார்கள்.

ஹுக்மாராமுக்கு அப்போதுதான் உறைத்தது. பாப்ஜிக்கா? வெளியே ஓடிவந்தால், கோபுரத்தில் கொடி பாதிக் கம்பத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படிக்கு ஓடினார். பாப்ஜியின் பணியாள் லச்சு படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தான். உதட்டில் விரலை வைத்து, மேலே வராதே என்று கையசைத்தான்.

அவ்வளவுதான். ஹுக்மாராம் முற்றத்துக்கே திரும்பினார். ஊருக்கே தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை!

மானேஜர் பாரேக் ஓடிவந்தார். “ஹுக்மாராம்ஜி! ஷெனாய் இல்லை, முரசு இல்லை, சமையல் இல்லை! கல்யாணக்காரங்க பாலம் தாண்டிட்டாங்க! யாரைக் கேட்டாலும் உங்களைக் கை காட்டறாங்க. என்னய்யா நடக்குது?”

“எனக்கே இப்பத்தான் தெரியும் சார்.” ஹுக்மாராம் தேம்பினார். டீத்தண்ணீரும் கண்ணீரும் சேர்ந்து மீசையில் வழிந்தன.

பாரேக் மேலே பார்த்தார், கொடியைப் பார்த்தார், நாற்காலியில் சரிந்தார். “இன்னிக்குத்தானா? ராத்திரி ஆகியிருக்கக் கூடாதா? சரி, யாராவது அந்த ரோஜா மாலையெல்லாம் இங்கே கொண்டு வாங்க. மாப்பிள்ளைக்கு வேண்டாம், பாப்ஜிக்கு.” பிறகு ஹுக்மாராமைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். “உங்களை அப்புறம் கவனிக்கிறேன். நாளையிலேருந்து சுத்திக் காட்டறது கிடையாது.”

பூனாக்காரர்கள் ஆயுதசாலையிலிருந்து வந்து, ஒன்றும் புரியாமல் முற்றத்தில் நின்றார்கள். ஒரு அம்மாள் மெல்லக் கேட்டார்: “அண்ணா, சுத்திக் காட்டினது முடிஞ்சுதா?”

ஹுக்மாராம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசிச் சுற்றாகவே இருக்கட்டும். முடிக்காமல் விடுவதாவது.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு தாயே.” ஜன்னலின் கீழே போய் நின்றார். “அதோ அங்கேதான் எங்க பாப்ஜி இருந்தார். பஞ்சம் வந்த வருஷத்துல தன் குதிரைங்களை வித்து ஊருக்குத் தானியம் வாங்கிப் போட்டார். எங்க அப்பா காய்ச்சல்ல கிடந்தப்போ தானே வந்து நெத்தியில துணி போட்டார். இப்போ கேக்கறாரோ இல்லையோ, சொல்லிடுவோம்.”

எல்லாரும் கைகூப்பினார்கள். முரசுக்காரர்களும், சோகனும், என்ன செய்வதென்று தெரியாமல் பாரேக்கும் கூடக் கூப்பினார்கள்.

“கம்மா கணி, பாப்ஜி!”

ஜன்னலுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“கணி கணி கம்மா, ஹுக்மா. முரசு எங்கேடா? ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு வர்றா, வீடு இப்படியா இழவு விழுந்த மாதிரி இருக்கும்?”

எல்லாத் தலைகளும் மேலே நிமிர்ந்தன. பிறகு முரசுக்காரர்கள் மாடத்துக்குப் பாய்ந்த வேகத்தில் ஒருவருடைய செருப்பு முற்றத்திலேயே தங்கிவிட்டது. சோகன், “அடுப்பை ஏத்துங்கடா!” என்று கத்திக்கொண்டே ஓடினார். கொடி சரசரவென்று ஏறியது. அதே சமயம் கல்யாணக் கார்கள் உள்ளே நுழைந்தன. பாரேக் கையிலிருந்த மாலையைத் திருதிருவென்று பார்த்தார். பிறகு பெண்ணின் அப்பா கழுத்திலேயே போட்டார்.

“பாப்ஜி குரல் கொடுத்து வரவேற்ற முதல் கல்யாணம் சார் உங்களோடது!”

பெண்ணின் அப்பா நெகிழ்ந்துபோனார். பாரேக் ஹுக்மாராமைத் தாண்டும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்: “நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க. தலையைத் துவட்டிட்டு.”

ஹுக்மாராம் அங்கேயே தரையில் உட்கார்ந்து, தெரிந்த சாமிகளுக்கெல்லாம் நன்றி சொன்னார். விட்டுப்போன சாமிகளையும் பொதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பப் பை எடுக்கப் போனபோது, அவருடைய ஆணியில் ஐந்து வண்ணத் தலைப்பாகை ஒன்று தொங்கியது. பழைய பட்டு, சந்தன வாசனை. பக்கத்து பெஞ்சில் லச்சு உட்கார்ந்து கசோரி தின்றுகொண்டிருந்தான்.

“லச்சு, இதை யார் மாட்டினது?”

“நான் பார்க்கலை.”

“நீ இங்கேதானே இருந்தே?”

“இருந்தேன். கண்ணை மூடிக்கோன்னு உத்தரவு. ‘இத்தனை நாள் வணக்கம் வாங்கிட்டுப் பதில் சொல்லாம இருந்துட்டேன், அந்தக் கடன்’னு மட்டும் காதுல விழுந்தது.”

ஹுக்மாராம் தலைப்பாகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அவரைப் போய் செத்துட்டார்னு அழுதேனே! தெரிஞ்சா என்ன நினைப்பார்?”

லச்சு கையைத் துடைத்துக்கொண்டான்.

“தெரிஞ்சாவா? காலையில உங்க வெள்ளையை ஜன்னல் வழியா முதல்ல பார்த்ததே அவர்தான் அண்ணே. ‘ஹுக்மா என்னைச் சாகடிச்சுட்டான்டா லச்சு! யாரையும் மேலே விடாதே, எனக்காக யார் யார் அழறாங்கன்னு பார்த்துடறேன்’னு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்தான்!”