உங்கள் நீலப் பந்தைத் தேய்த்தவன் எழுதுகிறேன்

பிரிக்பீல்ட்ஸ்,
வியாழக்கிழமை.

கிள்ளானில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி இராதாகிருஷ்ணன் அவர்கள் சமூகத்துக்கு,

சபாபதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீரம்மாவும் முருகன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மா சீதாலெட்சுமி அவர்களும், மாப்பிள்ளை யுகேந்திரனும், எங்கள் புனிதாவும் அதுபோலவே இருப்பதாகப் புனிதா போனில் சொன்னாள். தங்கள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் மூன்று வாரம் ஆகிவிட்டது.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும் 'பரவாயில்லை சம்பந்தி' என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் பத்து வரி அனுப்பினால் கும்பிடும் கை ஒன்று மட்டும் வருகிறது. கடிதத்தில்தான் நடுவில் யாரும் 'பரவாயில்லை' சொல்ல முடியாது. ஆகவே தயவுசெய்து கடைசி வரைக்கும் படித்துவிடுங்கள். சம்பந்தியம்மாவுக்கும் வாசித்துக் காட்டுவீர்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்த விஷயத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பிள்ளைகள் கல்யாணம் முடிந்த முதல் வருடம் நாம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து 'சாப்பிடுங்க', 'முதல்ல நீங்க சாப்பிடுங்க' என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மாப்பிள்ளை ஒருநாள் நம் இருவரையும் காரில் ஏற்றி, கனமான பந்தை உருட்டி 'பின்' என்கிற கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் விளையாட அழைத்துப் போனார். நீங்கள் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்திலேயே அலுவலக அணிக்கு விளையாடியவர். நானோ ஷா ஆலம் டயர் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் டயர் பரிசோதித்தவன், பௌலிங் பந்தைத் தொட்டதுகூடக் கிடையாது. முதல் நாள் பந்தோடு சேர்ந்து நானும் லேனில், பந்து உருளும் அந்த மரப்பாதையில், கால்வாசி தூரம் போனேன். நீங்கள் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, 'நல்லா விளையாடுறீங்க' என்றீர்கள். அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடித்துப்போயிற்று. அதன்பிறகு வாரம் தவறாமல் போனோம், பேச்சும் வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதியோர் இரட்டையர் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, அதே இடத்தில் பழகப் போனோம் அல்லவா. பள்ளி விடுமுறை. காலையிலிருந்து பிள்ளைகள் விளையாடி விளையாடி லேன் மேல் பூசியிருந்த எண்ணெய் எல்லாம் போய்விட்டது. உங்கள் நீலப் பந்து வழக்கமாகக் கடைசி வரைக்கும் நேராக ஓடி, அப்புறம் நிதானமாக இடப்பக்கம் திரும்பி நடு பின்னுக்குப் பக்கத்தில் போய் அடிக்கும். அன்று அது சீக்கிரமே திரும்பி எங்கேயோ போனது. 'லேன் காஞ்சி கெடக்கு' என்று நீங்கள் உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்தது. அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருடம் ஒரு பொருள் வழுக்கக் கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். எது தடம் மாறி ஓடினாலும் அதற்குப் பிடி போதவில்லை என்றுதான் என் புத்திக்குத் தோன்றும். பந்தின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. இதுதான் கோளாறு என்று முடிவு கட்டி, கொடுங்கள், நான் சரிசெய்து தருகிறேன் என்றேன். 'எதுக்கு சம்பந்தி சிரமம்?' என்றீர்கள். காபி வேண்டாம் என்கிறவருக்கு இன்னொரு தடவை காபி ஊற்றுகிற வழக்கத்தில் வந்தவன் நான், பந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஜன்னல் கம்பி தேய்ப்பதற்கு வாங்கி வைத்திருந்த நூற்றெண்பதாம் நம்பர் சொரசொர உப்புத்தாளை எடுத்தேன். பந்து உருளாமல் நிற்க வேண்டுமே, அதற்கு வீரம்மா வதக்க வறுக்க வைத்திருக்கும் பெரிய குவாலிச் சட்டி சரியாக இருந்தது. அதில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் தேய்த்தேன். ஒரு தடவை தண்ணீர் குடிக்க எழுந்தபோது கால் பட்டுச் சட்டி சாய்ந்து, பதினான்கு பவுண்டு பந்து வாசல் தாண்டி மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்க் கீழ்வீட்டுச் செருப்பு அலமாரியில் மோதி நின்றது. கீழ்வீட்டு ஆன்டி அதைத் தூக்க முடியாமல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எனக்காகக் காவல் காத்தார். பந்துக்கு அடி எதுவும் இல்லை, அலமாரிக்கு மட்டும் ஒரு கதவு குறைந்தது. குவாலியை வீரம்மா மூன்று முறை தேய்த்துக் கழுவினாள், அப்படியும் அன்று செய்த நெத்திலிச் சம்பல் லேசாக நீலமாகத்தான் இருந்தது. பிறகு சட்டியைக் கொண்டுபோய்த் துளசிச் செடிக்குத் தண்ணீர் பிடிக்க வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நமக்கு மதியச் சுற்று, லேன் வெள்ளிக்கிழமையைவிடக் காய்ந்திருந்தது. நீங்கள் பையிலிருந்து பந்தை எடுத்துத் துணியால் துடைத்தீர்கள். உள்ளங்கையால் ஒரு தடவை தடவினீர்கள். என்னைப் பார்த்தீர்கள். 'ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க சம்பந்தி' என்றீர்கள். அந்தச் சந்தோஷத்தில் பக்கத்து லேனில் இருந்தவர்களிடமெல்லாம் போய், அந்தப் பந்துக்குப் பிடி ஏற்றியது நான்தான் என்று சொல்லி வந்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. உங்கள் முதல் பந்து பாதி வழி போவதற்குள், வீட்டில் எதையோ மறந்துவிட்டதுபோல் இடப்பக்கம் திரும்பி, ஓரத்தில் இருந்த ஒரே ஒரு பின்னைத் தட்டிவிட்டுப் போனது. நீங்கள் இடப்பக்கம் நகர்ந்து நின்று போட்டீர்கள், வேகமாகப் போட்டுப் பார்த்தீர்கள். மூன்றாவது ஆட்டத்தில் பக்கத்து லேன்காரர் மடியில் உட்காராத குறைதான். ஆட்டத்துக்கு நூற்றெழுபது புள்ளிக்குக் குறையாதவர் தொண்ணூற்றெட்டு, நூற்று நான்கு, தொண்ணூற்றொன்று. நான் ஒவ்வொரு பந்துக்கும் 'பிடி நல்லா இருக்கு' என்று கைதட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு ஜோடியில் முப்பத்திரண்டாவதாக வந்தோம். நீங்கள் எனக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து, ஒரு நாள் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னீர்கள். அடுத்த வாரமே உங்களுக்கு முட்டி வலி வந்து, இனிமேல் விளையாடப் போவதில்லை என்று மாப்பிள்ளை மூலம் சொல்லி அனுப்பினீர்கள்.

என் குற்றம் எனக்கே தெரிந்தது போன வாரம்தான். என் பந்தில் விரல் துளை இறுக்கமாக இருக்கிறதென்று முத்து முகம்மதுவின் பந்துக் கடைக்குப் போயிருந்தேன். காய்ந்த லேனுக்கு நான் செய்த வைத்தியத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார்.

"அங்கிள், எண்ணெய் இல்லாத லேன் சும்மாவே பந்தைப் புடிச்சிக்கும். அதுக்கு பாலிஷ் போட்டு வழவழன்னு ஆக்கணும் லா. முதல்ல வழுக்கிட்டுப் போவணும், அப்புறந்தான் புடிக்கணும். நீங்க நேர் மாறா செஞ்சிருக்கீங்க. இது அவருக்குத் தெரியாதா?"

அந்தக் கடைசிக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து புனிதாவைக் கூப்பிட்டேன். அதையே அவளிடம் கேட்டேன். அவள் சொன்னாள்.

"மாமாவுக்குத் தொட்டதுமே தெரியும்பா. பையில இன்னொரு பந்து இருந்துச்சு, திரும்பாம நேரா போற பந்து. அத எடுத்திருந்தா தப்பிச்சிருக்கலாம். மருமக அப்பா ஆசையா செஞ்சது, அவர் முன்னாடி எப்படி மாத்துறதுன்னு சொன்னாரு."

சம்பந்தி, அதைக் கேட்டு நான் அழுதேன். எழுத வெட்கமாக இல்லை. என் மனம் நோகக் கூடாதென்று மூன்று ஆட்டம் முழுக்க அந்தப் பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள், நான் கைதட்டியிருக்கிறேன். உங்கள் முட்டியில் ஒன்றுமில்லை என்பதும் எனக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை கோயிலில் மூன்று சுற்று முடித்து நாலாவதும் சுற்றினீர்கள் என்று சம்பந்தியம்மா வீரம்மாவிடம் சொல்லிவிட்டார்கள், அதற்காக அவரைக் கோபிக்க வேண்டாம். முட்டியை வைத்து என்னிடமிருந்து ஒதுங்குகிறீர்கள். திரும்ப வந்தால் நான் திரும்பப் பந்தைக் கேட்பேன், உங்களுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. அதுதானே காரணம்? டெங்கில் ஊர் வரைக்கும் காரில் போகும்போது உங்கள் தம்பியை வழி முழுக்கத் திட்டுவீர்களாம். மாப்பிள்ளையைத் திட்டுகிறீர்கள், டிவியில் செய்தி வாசிப்பவரைக்கூட விடுவதில்லையாம். இரண்டு வருடத்தில் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்கள் எல்லாரும் கொடுத்து வைத்தவர்கள். நான் மட்டும் இன்னும் கல்யாண மண்டபத்தில் மாலையோடு நிற்கிற சம்பந்தியாகவே இருக்கிறேன்.

ஆகவே பரிகாரமாக ஒன்று செய்தேன். உங்கள் ஸ்டோர் ரூமிலிருந்து பந்தை மாப்பிள்ளையை எடுத்துவரச் சொன்னேன், அவர்மேல் தப்பில்லை. முத்து முகம்மது அதை மிஷினில் சுழலவிட்டு, ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம் என்று மெல்லிய தாளாக மாற்றி மாற்றித் தேய்த்து, மேலே பாலிஷ் ஊற்றி மெருகேற்றித் தந்தார். அதில் என் முகம் தெரிந்தது, பார்க்கப் பிடிக்காமல் திருப்பி வைத்தேன். இந்தக் கடிதத்தோடு நாளைக்கு மாப்பிள்ளை கையில் அந்தப் பந்து வரும். இனி உயிருள்ளவரை உங்கள் பந்தை இந்தக் கையால் தொட மாட்டேன், முருகன்மேல் ஆணை. மிச்சமிருந்த உப்புத்தாளையும் குப்பையில் போட்டாயிற்று. இருபதாம் தேதி ஷா ஆலத்தில் நடக்கும் போட்டிக்கு நம் இருவர் பேரையும் கொடுத்திருக்கிறேன். வாருங்கள். முப்பத்திரண்டாவதாக வந்தாலும் உங்களோடு வர வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவருடைய வணக்கம். மாப்பிள்ளையும் மகளும் எல்லாச் செல்வமும் பெற்று நிறைவாக வாழ எங்கள் ஆசி. தங்கள் முட்டிக்கு இல்லாத வலி இல்லாமலே இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
சபாபதி

பி.கு.: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை பந்தைப் பையில் வைக்கும்போது யோசித்தேன். இத்தனை பளபளப்பாக இதை அனுப்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? 'எதுக்கு சம்பந்தி சிரமம்' என்பீர்கள், கும்பிடும் கை ஒன்று வரும், முட்டி வலியும் அப்படியே இருக்கும். உப்புத்தாளைக் குப்பையில் போட்டதாக எழுதியிருந்தேன், போடவில்லை. பழைய குவாலியைத் துளசிச் செடியிடமிருந்து வாங்கி வந்து, ஆணையை மீறுவதற்கு முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதே நூற்றெண்பதாம் நம்பரால் சரியாகப் பாதிப் பந்தைத் தேய்த்துவிட்டேன். ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் தேங்காய் ஓடு. இதைத் தடவிப் பார்த்துவிட்டு உலகத்தில் எவராலும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை மூன்று மணிக்கு முத்து முகம்மதுவிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், மறுபடி மெருகேற்றிவிடுவார். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் என்னைக் கூப்பிட்டு, உங்கள் தம்பியைத் திட்டுவதுபோல் திட்ட வேண்டும். வீரம்மா திட்டி முடித்துவிட்டாள், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். போன் என் கையிலேயே இருக்கிறது.