வீட்டுக்காரரை விடாதீங்க

கள்ளிக்குப்பம் வீராசாமி கல்யாணமான நாளிலிருந்து தோற்காமல் நடத்திவந்த போர் ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குள் மாடுலர் கிச்சன் வராது. மனைவி நாகவல்லி கேட்காத மாதமில்லை. அவர் "தீபாவளி போகட்டும்" என்று சொல்லாத மாதமுமில்லை. தீபாவளிகள் போய்க்கொண்டே இருந்தன. கதவில்லாத சமையலறை அலமாரியில் கரப்பான்பூச்சிகள் மட்டும் குடும்பம் பெருக்கி நிம்மதியாக வாழ்ந்தன.

வெளியில் அவர் பெரிய மனிதர். இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். வியாழன்தோறும் காலையில் அம்பத்தூரில் ஒரு ஓட்டல் மாடியில் கூடும் வியாபாரிகள் குழுவில் உறுப்பினர். அங்கே ஒரு தொழிலுக்கு ஒரே ஆள்தான். பேட்டரி நாற்காலியில் வீராசாமி உட்கார்ந்திருக்கும்வரை வேறு பேட்டரிக்காரன் உள்ளே வர முடியாது. பொங்கல் சாப்பிடலாம். எழுந்து நின்று கடையைப் பற்றி ஒரு நிமிடம் பேசலாம். எல்லோரும் கைதட்டுவார்கள். வீட்டில் அவர் ஒரு நிமிடம் சேர்ந்தாற்போலப் பேசியே பல வருடம் ஆகிறது. அந்த நாற்காலிக்காக அவர் உயிரையே கொடுப்பார்.

ஆனால் கொடுக்கவேண்டியது உயிர் இல்லை, ரெஃபரல். மற்ற உறுப்பினர்களுக்கு வாடிக்கையாளர் பிடித்துத் தரவேண்டும். மச்சான், மச்சானுக்கு மச்சான், அவன் வீட்டு ஓனர் என்று தெரிந்தவர்களை எல்லாம் கொடுத்துத் தீர்த்தாகிவிட்டது. அவர் தலை தெரிந்தாலே இப்போது தெருவில் கதவைச் சாத்துகிறார்கள். குழுவின் தலைவி ராஜகுமாரி கறாராகச் சொல்லிவிட்டாள்: "வர்ற வியாழன் ரெஃபரல் இல்லேன்னா உங்க சீட்டு பரந்தாமனுக்கு." பரந்தாமன் எதிர்சாரி பேட்டரிக் கடைக்காரன்.

அன்றைக்கு மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னாயா, தட்டையே மொறைச்சிகினு கீற?" என்றாள் நாகவல்லி.

"ரெஃபரல் இல்ல நாகு. சீட்டு பூடும்."

"பேட்டரி வாங்க ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"எனக்கில்ல. மத்தவங்களுக்கு. ஏசிக்காரரு, கிச்சன் போடற ஜேம்ஸு, யாருக்கானா ஒரு பார்ட்டி வேணும்."

நாகவல்லி ரசத்தை ஊற்றினாள். ரொம்ப நிதானமாக ஊற்றினாள்.

"கிச்சனா? ஒரு பார்ட்டி கீது. பக்கத்து ஊட்டு தாட்சாயிணி நம்பர குடு, அவ இட்டுகினு போவா. அந்தம்மா எப்பவோ ரெடி. புருஷங்காரன்தான் கஞ்சப் பிசினாறி."

"அவன வுடு. நாங்க பாத்துக்கறோம்."

"நெசமான பார்ட்டிதானான்னு கேட்டா?"

"நான் கேரண்டின்னு சொல்லிடறேன். பொய்யான பார்ட்டி குடுத்தா சீட்டே காலி. அவ்ளோ சுத்தமான குரூப்பு."

"அப்டியா சங்கதி," என்று அவள் இன்னொரு அப்பளம் வைத்தாள். கேட்காமல் அப்பளம் வந்ததும் அவர் உஷாராகியிருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டார்.

வியாழக்கிழமை வீராசாமி எழுந்து நின்றார். கஞ்சன் மனசு அவருக்கு அத்துப்படி என்பதால் பேச்சு அருவியாகக் கொட்டியது.

"ஜேம்ஸ் சாருக்கு ஒரு கிச்சன் பார்ட்டி. அந்தம்மா தங்கம். புருஷன் மட்டும் ஒரு மாதிரி. 'தீபாவளி போகட்டும்'னு இழுப்பான். நம்பாதீங்க. அளவெடுத்துகினே இருங்க. வுடாதீங்க. பார்ட்டிக்கு நான் கேரண்டி."

கைதட்டலில் பொங்கல் தட்டுகள் அதிர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை வீராசாமி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தாட்சாயிணி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். பின்னால் அளவு டேப்போடு ஜேம்ஸ். நாகவல்லி புதுப்புடவையில் நின்று, "வாங்க சார், கிச்சன் இந்தப் பக்கம்" என்றாள்.

வீராசாமிக்கு எல்லாம் புரிந்தது. வாய் மட்டும் பழக்க தோஷத்தில், "தீபாவளி போகட்டும்..." என்றது.

ஜேம்ஸ் டேப்பை நிறுத்தவில்லை. "இத சொல்வாருன்னு நீங்களே சொன்னீங்களேண்ணே. வுடாதன்னும் சொன்னீங்க."

பார்ட்டி பொய் என்றால் நாற்காலி போய்விடும். அதில் உட்கார்ந்து பரந்தாமன் பொங்கல் சாப்பிடும் காட்சி கண்ணில் வந்துபோனது. எதிரே நாகவல்லியின் முகம் புதுப்பெண் போலப் பூரித்திருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வரமாட்டேன் என்றது. சிரிப்புத்தான் வந்தது.

"டிராயர நல்லா ஆழமா வைங்க ஜேம்ஸு," என்றார்.

அடுத்த வியாழன் ஜேம்ஸ் எழுந்து கிச்சன் ஆர்டர் கிடைத்ததைச் சொன்னதும் வீராசாமிக்கு விழுந்த கைதட்டல் போல யாருக்கும் விழுந்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினார். நாகவல்லி கேட்காமலே அப்பளம் வைத்தாள்.

"அடுத்த வாரத்துக்கும் ஒரு பார்ட்டி கீதுயா. பாத்ரூம் டைல்ஸு. புருஷங்காரன் அதே ஆளுதான்."