சுகனியின் மஞ்சள் கவுன்

என் வீட்டுக்காரரின் மூத்த அக்கா, பூர்ணியாவில் வாழும் சுமித்ரா தேவி அவர்களின் பாதம் தொட்டு, தம்பி பெண்டாட்டி லால்பரி எழுதுவது. கோசி ஆற்றம்மா புண்ணியத்தில் வெள்ளம் இந்தத் தடவை வாசலோடு திரும்பிவிட்டது. உங்கள் தம்பி நலம், எருமை நலம், சின்னவள் பிஜ்லியும் நலம். மகன் கூரன் நலமா என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா, என் மூத்தவள் சுகனி காய்ச்சலில் போனபோது நீங்கள் வந்து சொன்னது ஞாபகம் இருக்கும். "ஒண்ணைத் தூக்கிட்டுப் போனது அடுத்ததுக்கும் வரும்டி. பையனுக்கு மூக்குக் குத்து, அவ கவுனை மாட்டு, அவ பேரைச் சொல்லியே கூப்பிடு. வர்றது, பொண்ணுதானேன்னு விட்டுட்டுப் போயிடும்." கண் படக்கூடாதென்று அவனுக்குக் கூரன் என்று குப்பைமேட்டின் பேரை வைத்ததும் நீங்கள்தான். போன தடவை அது பொண்ணைத்தானே தூக்கிட்டுப் போச்சு என்று கேட்க நினைத்தேன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள், கேட்கவில்லை.

சொன்னபடியே செய்தேன். மஞ்சள் கவுன் அளவெடுத்துத் தைத்ததுபோல் அவனுக்குப் பொருந்தியது. முதல் நாள் வளையல்காரி வாசலில் அவனைப் பார்த்துவிட்டுக் கூடையைப் போட்டு ஓடினாள், அவள் வளையல் உடைந்ததற்கு என்னைத்தான் திட்டினாள். சுகனி பின்னாலேயே திரியும் ஆடு அவள் போனதிலிருந்து தழை கடிக்காமல் கிடந்தது, இப்போது அவன் பின்னால் திரிகிறது. பிறகு பார்த்தால் வீட்டில் தினமும் பால் மிஞ்சுகிறது. என்னடா என்று யோசித்தேன். தன் டம்ளரிலிருந்து பாதியை மகனுக்கு ஊற்றும் உங்கள் தம்பி, கவுன் போட்ட நாளிலிருந்து ஊற்றுவதில்லை. கேட்டால், "அட, மறந்துட்டேன்" என்கிறார். தினமும் மறக்கிறார். நானும்தான் அக்கா, எல்லாரும் சாப்பிட்ட பிறகு பிஜ்லியோடு சேர்த்து அவனுக்கும் மிச்சத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன், என் கை தானாகப் போகிறது. கூரா என்று கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. சுகனி என்றால் வருகிறான். சுகனி எந்தத் துணியையும் நாலாய் மடித்து, அதன்மேல் உட்கார்ந்துதான் சுருக்கம் எடுப்பாள். இவனும் அப்படியே செய்கிறான், யாரும் சொல்லித்தரவில்லை.

இப்படி இருக்கும்போது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு கொதிக்கிறது, கண் மேலே சொருகுகிறது, டாக்டரிடம் போவோம் என்றேன். உங்கள் தம்பி கட்டிலில் திரும்பிப் படுத்து, "பொட்டப்புள்ளைக்கு வர்ற காய்ச்சல்தானே, துளசி கொதிக்கவச்சுக் குடு, நாளைக்குப் பாப்போம்" என்றார். சுகனிக்கும் இதையேதான் சொன்னார், ஒரு எழுத்து மாறவில்லை. "இது கூரன்யா!" என்று கத்தினேன். "தெரியும்" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், தெரியும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். டெம்போக்கார ஜக்து எட்டிப்பார்த்து, "பொண்ணா? இரு அண்ணி, சந்தைக்குப் போற ஆளுங்க சேரட்டும்" என்றான். இரண்டு மூட்டை வெங்காயம் ஏறிய பிறகுதான் எங்களுக்கு இடம் கிடைத்தது. டாக்டர் வாசலில் கம்பவுண்டர், "இவ்வளவு தூரம் எதுக்கும்மா பொண்ணைத் தூக்கிட்டு அலையறே? ஓரமா உக்காரு, பையனுங்களைப் பாத்துட்டுக் கூப்பிடறேன்" என்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை அக்கா, எழுதவே வெட்கமாக இருக்கிறது, அத்தனை ஜனத்துக்கு நடுவில் கவுனைத் தூக்கிக் காட்டிவிட்டேன். கம்பவுண்டர், "அய்யய்யோ, முன்னாடியே சொல்றதில்லையா!" என்று எழுந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். டாக்டர் செருப்புகூடப் போடாமல் வந்தார். வெங்காயக்காரன் விசிறினான்.

பாட்டில் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது பிள்ளை கண் திறந்து கூரையைப் பார்த்தான். "போன தடவ இவ்வளவு தூரம் நீ என்னைக் கூட்டிட்டு வரலையேம்மா" என்றான்.

கூரன் அதற்குமுன் டாக்டர் வாசலை மிதித்ததே இல்லை அக்கா. சுகனியும்தான்.

காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் கவுனைக் கழற்ற விடமாட்டேன் என்கிறான், பேர் சொன்னால் திரும்பமாட்டேன் என்கிறான். மாட்டச் சொன்ன நீங்களே தயவுசெய்து வந்து கழற்றிக் கொடுங்கள். அத்தானுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் குங்குமம் நிலைக்கட்டும்.

உங்கள் அடிமை,
லால்பரி

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். பிஜ்லி நலம் என்று மேலே எழுதியது நேற்று. இன்று காலை அவளுக்கு உடம்பு கொதித்தது. நான் யாரையும் கேட்கவில்லை. முடியை ஒட்ட வெட்டி, கூரன் சட்டையை மாட்டினேன். ஜக்து, "பையனா? ஏறு ஏறு" என்று காலி வண்டியைக் கிளப்பினான். கம்பவுண்டர் பேர் கேட்டார், கூரன் என்றேன். உடனே ஊசி போட்டார்கள். திரும்பி வந்தால் வாசலில் மஞ்சள் கவுன் நின்றுகொண்டிருந்தது. "தங்கச்சியக் கூட்டிட்டுப் போனியாம்மா?" என்று கேட்டது. போனேன் கண்ணு என்றேன். பிள்ளை தானே கவுனைக் கழற்றி, நாலாய் மடித்து, அதன்மேல் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து பெட்டியில் வைத்தான். கூரா என்றேன். என்னம்மா என்றான். ஆடுதான் பெட்டியை விட்டு நகரமாட்டேன் என்கிறது.