ரெண்டுபக்கம் சாரும் அவர் அண்ணன் கேணியும்

திருவண்ணாமலையில் நியாயமானவர்கள் எத்தனையோ பேர் உண்டு. நியாயம் பேசியே சொந்தக் குடும்பத்தைக் கவிழ்த்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். நான் வேலை பார்த்த கல்லூரியில் அரசியல் பாடம் எடுத்தவர். மாணவர்கள் வைத்த பெயர் 'ரெண்டுபக்கம்'. அதற்காக அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. கோபிக்க வேண்டுமானால் முதலில் மாணவர்களின் தரப்பைக் கேட்க வேண்டுமே!

வெள்ளைக்காரன் விட்டுப்போன நாடுகளில் சண்டை ஏன் ஓயவில்லை, வளர்ச்சி என்று வருவது யாரை வாழவைக்கிறது, யாரை விரட்டுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஆப்பிரிக்காவில் அணை கட்ட எந்த ஊரைக் காலி செய்தார்கள் என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார். வேங்கிக்காலில் நானும் அவரும் சேர்ந்து குடியிருந்த வீட்டில் காஸ் தீர்ந்துபோனது மட்டும் தெரியாது. அவருக்கு ஒரு முறை உண்டு. அரசாங்கத்தின் தரப்பை முதலில் சொல்ல வேண்டும், அதுவும் அரசாங்கத்துக்கே சொல்லத் தெரியாத அளவுக்கு நன்றாக. ஜனங்களின் தரப்பு அப்புறம்தான்.

இந்த வியாதியோடு அவர் தெருவுக்கும் வருவார். ஒரு பௌர்ணமியன்று செங்கம் ரோட்டில் வண்டி நிறுத்தும் இடத்துக்காக இளநீர்க்காரரும் ஆட்டோக்காரரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவர் நடுவில் புகுந்தார்.

"ஒரு நிமிஷங்க. ரோடு போடறதுக்கு முன்னாடி இந்த எடம் யார் கையில இருந்தது?"

"யோவ், நீ யாருய்யா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இருங்க, அவரு பக்கத்தையும் கேட்டுடலாம்."

இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் விட்டுவிட்டு இவர் சட்டையைப் பிடித்தார்கள். கிழிந்த பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தவர், "பாத்தீங்களா, பொது எதிரி வந்ததும் ஒத்துமையாயிட்டாங்க" என்று என்னிடம் அதையும் பாடமாக நடத்தினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அவரைப் படிக்கவைத்தது அவருடைய அண்ணன். கேணித் தண்ணீரில் வேர்க்கடலை போட்டுத் தம்பியை ஆளாக்கியவர். அந்த நிலத்தையும் சேர்த்து அவர்கள் ஊரில் தொழிற்பேட்டைக்கு இடம் எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. அண்ணன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கருத்து கேக்கற கூட்டமாம். ஊரு சார்பா நீ பேசுடா. எங்களுக்கு மைக்கைப் பாத்தா நாக்கு ஒட்டிக்குது. அந்தக் கேணி போச்சுன்னா நான் எங்கடா போவேன்?"

கூட்டத்துக்கு நானும் போனேன். ரெண்டுபக்கம் மைக்கைப் பிடித்தார். பாழாய்ப்போன பழக்கம்! இந்த மாவட்டத்தில் வேலை கம்மி, பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடுகிறார்கள், தொழில் வந்தால் நல்லதுதான் என்று அரசாங்கத்தின் தரப்பை அழகாக விளக்கினார். விளக்கி முடித்துத் தண்ணீர் குடித்தார். அந்த இடைவெளியில் அதிகாரி எழுந்துவிட்டார்.

"ரொம்ப சந்தோஷம் சார். ஊர்ல படிச்சவரே புரிஞ்சிக்கிட்டாரு. அவ்ளோதான், எல்லாரும் போலாம்."

"சார், நான் பாதிதான் பேசியிருக்கேன்" என்று இவர் பதறினார். அதற்குள் மைக்கை அணைத்திருந்தார்கள்.

வெளியே அண்ணன் கத்தவில்லை. "அவங்க பேச வேண்டியத நீ பேசிட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அதோடு தம்பியிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் திட்டித் தீர்த்தேன். "ஏன்யா, சொந்த அண்ணன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் மட்டும் பேசினா குடியா முழுகிடும்?"

"எனக்குப் பேசத் தெரிஞ்சதே அப்படித்தாங்க" என்றார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

சில மாதம் கழித்து, நிலத்துக்குள் ஜேசிபி இறங்கிய காலையில், எவரிடமும் எந்தத் தரப்பையும் கேட்காமல் ரெண்டுபக்கம் அதன் முன்னால் போய் உட்கார்ந்தார். போலீஸ் மறியல் செய்த ஊர்க்காரர்களோடு சேர்த்து அவரையும் வேனில் ஏற்றி, வழக்கம்போல ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தது. சேதி கேட்டு ஓடினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், எல்லோரும் கும்பலாக இருக்க, இவர் ஒரு தூணோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். மதியம் சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். கும்பலிலிருந்து அண்ணன் எழுந்துபோய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்தார்.

"சாப்புடுடா."

சின்னப் பிள்ளையைப்போலத் தம்பி அழுதுகொண்டே சாப்பிட்டார். எனக்கும் கண்ணீர் கண்ணை மறைத்தது.

சாயங்காலம் விடுவித்தபின் நிலத்துக்குப் போனால், கேணியை மண் போட்டு மூடியிருந்தார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். என் பைக்கின் பின்னால் ஏறிய ரெண்டுபக்கம் வாயே திறக்கவில்லை. பாவி மனுஷன், ஆப்பிரிக்காவைப் பற்றியாவது ஏதாவது பேச மாட்டாரா என்று ஏங்கிக்கொண்டே, திருவண்ணாமலை வரும்வரை வண்டியை மெதுவாக ஓட்டினேன்.