நிதிப் பணிப்பாளரின் பெரஹரா

குடும்பக் கம்பனியில் பணிப்பாளராவதற்கு ஒரே தகுதிதான்: அந்தக் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். எனக்கு அது தாராளமாக இருந்தது. கணக்கியல் பரீட்சையில் பாதிக் கிணறு வேறு தாண்டியிருந்ததால், மாமா என்னை நிதிப் பணிப்பாளராகவே ஆக்கிவிட்டார்.

கண்டியில் பெரஹரா என்னும் யானை ஊர்வலம் போகும் வீதியில் எங்கள் புடவைக் கடை. பணிப்பாளர் சபை என்றால் மாமா, நான், வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற சித்தி. கூட்டம் மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசையில். தீபாவளிச் சரக்குக்கும், வியாபாரம் படுத்தால் கடைப் பிள்ளைகளின் சம்பளத்துக்குமாக வங்கியில் இரண்டு நிலையான வைப்புகளைச் சித்தி போட்டு வைத்திருந்தார்.

சும்மா தூங்குகிற காசு என்றேன் நான். அதை உடைத்து, உட்காரக் கதிரை வாங்கி, கடை வாசலில் மேடை கட்டி, பெரஹரா பார்க்க வருபவர்களுக்கு வாடகைக்கு விடலாம், போட்ட முதல் இரட்டிப்பாகும் என்று அளந்தேன். மாமா மயங்கிவிட்டார். சித்தி பருப்பைச் சோற்றில் பிசைந்தபடி சொன்னார்:

"ஒன்ன ஒடைச்சுக்கோ. மத்ததுக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன்."

சித்திக்குத் துணிச்சல் பத்தாது என்று மாமாவிடம் முணுமுணுத்தேன். (என் துணிச்சல் முழுக்க அடுத்தவர் காசில் என்பது அப்போது உறைக்கவில்லை.)

கூட்டம் அலைமோதும் கடைசி இரவுப் பெரஹரா அன்று முதலில் வந்து இறங்கியது தெல்தோட்டைப் பெரியப்பா, ஒரு வேன் ஆட்களோடு. நம்ம பிள்ளை கதிரை போட்டிருக்கிறானாம் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். பின்னாலேயே ஹட்டன் அத்தை, மாத்தளைச் சம்பந்தி வீட்டார். சொந்தக்காரரிடம் எந்த வாயால் காசு கேட்பது? டிக்கட் புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன். யானை வருமுன்பே எல்லா வரிசையும் எங்கள் ஆட்கள். விலை விசாரித்த வெள்ளைக்காரத் தம்பதியை, இடமில்லை என்று பெரியப்பாவே கையசைத்து அனுப்பிவைத்தார். அத்தனை பேருக்கும் ரோல்ஸும் பிளேன்டீயும் கம்பனிச் செலவு.

அதன்பிறகு விடாத மழை. கடையில் ஈ ஓட்டினோம். சித்தி உடைக்க விடாத அந்த ஒரு வைப்புதான் எங்களைக் காப்பாற்றியது. தீபாவளிச் சரக்கு பாதிதான் வந்தது, ஆனால் கடைப் பிள்ளைகளுக்குச் சம்பளம் நாள் தவறவில்லை. கடைக்கும் பூட்டு விழவில்லை. சித்தியின் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அவரோ ஒரு சொல் குத்திக் காட்டவில்லை. அடுத்த கூட்டத்தில், கதிரைகளைச் சொத்தில் எழுதுவதா, நட்டத்தில் எழுதுவதா என்று மட்டும் சாந்தமாகக் கேட்டார். மாமாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

இப்போது சித்திதான் நிதிப் பணிப்பாளர். என்னையும் சும்மா விடவில்லை. குடும்பத்தில் கல்யாணமோ சடங்கோ, கதிரை கொண்டுபோய்ப் போடுவது என் இலாகா. பெரஹரா நெருங்கினால் போதும், பெரியப்பாவின் அழைப்பு வந்துவிடும்.

"டைரக்டர் தம்பி, நம்ம முன்வரிசை இருக்குதானே? இந்த முறை ரெண்டு வேன்ல வாறோம்."